மஸ்கட்டிலிருந்து வந்த கணவன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சர்தார் பாஷா. சத்துவாச்சாரியில் வீட்டுத் தரகர். நான் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது, "நீங்க ஃபேமிலி சார், உங்களுக்கு பேஜார் இல்ல" என்று ஆரம்பித்து, 1999இல் நடந்ததைச் சொன்னார். அன்று வேறு வீடு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஜெனிஃபா ஓர் அபலை. அவளுடைய கண்களில்—'

அடித்துவிட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவையே அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர் அவள். அபலையாவது!

2

"தனியா கீற பொம்பளைக்கு வீடு குடுக்க மாட்டாங்கம்மா. வீட்டுக்காரரு மஸ்கட்லன்னு சொல்லிடு" என்றார் பாஷா ஜெனிஃபாவிடம், ஓனர் வீட்டு வாசலிலேயே.

ஓனர் கோதண்டபாணி ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க். சொந்த ஊர், சம்பளம், எந்தச் சர்ச், கறி சமைப்பதுண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். கணவனைப் பற்றி மட்டும் ஜெனிஃபா பொய் சொன்னாள். இன்னொரு பொய் வாயில் வராததால், ஊர் அணைக்கட்டு என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

(கோதண்டபாணியை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. முன்பு குடியிருந்தவன் திருட்டு பைக் விற்று மாட்டிக்கொண்டபோது, போலீஸ் இவரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தது. அதன்பிறகுதான் இந்த விசாரணையெல்லாம்.)

கம்பெனி கேட்டில் விசாரித்தார். அவள் பழைய தெருவின் மளிகைக்கடையில் பாக்கி உண்டா என்று கேட்டார். எல்லாரும் நல்லபடியாகவே சொன்னார்கள். மாடிப் போர்ஷன் சாவியைக் கொடுத்துவிட்டார். அணைக்கட்டில் போய் விசாரிப்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டார்.

3

ஞாயிறு மதியம் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "ஜெனிஃபா, யார் வந்திருக்காங்க பாரும்மா!"

படியில் பாதி இறங்கியவள் நின்றுவிட்டாள். ஓனருக்குப் பக்கத்தில் அவள் கணவன் ஜோஸ். தான் இருக்குமிடம் யாருக்குத் தெரியக்கூடாது என்று ஊரைவிட்டு வந்தாளோ, அவன்.

"சர்ச் வாசல்ல உன் பேரச் சொல்லி விசாரிச்சேன். நான்தான் வீட்டுக்காரன்னு இவரே வந்து நின்னாரு. மஸ்கட்லேர்ந்து எப்ப வந்தீங்கன்னு கேட்டேன்..."

"போன வாரம்தான் சார். அவளாண்ட சொல்லல, திடீர்னு வந்து நிக்கலாம்னு" என்று ஜோஸ் சிரித்தான்.

மஸ்கட் அவள் சொன்ன பொய். அதை அவன் ஒரு நொடியில் பிடித்து, சட்டை போல மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வாயைத் திறக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போகாது. அவனும் உள்ளே வந்துவிடுவான்.

"சார், இவரு மஸ்கட்டே போனதில்ல. நான் பொய் சொன்னேன். என் கைய ஒடச்சாரு சார், அதான் ஓடியாந்தேன்."

கோதண்டபாணியின் முகம் வெளுத்தது. ஜோஸ் பக்கம் திரும்பப்போகிறார் என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன்.

"பொய்யா? எங்கிட்டயே பொய் சொல்லிட்டியாம்மா?"

[பாஷாவை இங்கே நிறுத்தினேன். "இன்னா பாய், கை ஒடஞ்சதப் பத்தி அவரு கேக்கவே இல்லியா?"

"அவரு சம்சாரம் சொன்னதத்தான் சொல்றேன் சார். அவரு காதுல வுழுந்துச்சாம். பொய்தான் பெரிசாப்பட்டுதாம்."]

4

ஜோஸ் முதல் படியில் கால் வைத்தான். ஓனரின் மனைவி செல்லம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்து, மாடிப்படியை மறித்து நின்றாள்.

"எறங்குய்யா."

"செல்லம்மா, நீ உள்ள போ" என்றார் கோதண்டபாணி. அவள் நகரவில்லை.

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஜோஸ் காலை எடுத்தான். கேட்டைத் தாண்டியதும் திரும்பி, ஜெனிஃபாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "இப்ப வூடு தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவன் போனபின் கோதண்டபாணி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு காலி பண்ணிடும்மா."

5

பாஷாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கோதண்டபாணி மனம் மாறுவதாக ஒரு முடிவு எழுதினேன். செல்லம்மாள் தன் அக்கா வீட்டில் அவளுக்கு இடம் பிடித்துத் தருவதாக இன்னொன்று. 'சில வருஷங்கள் கழித்து ஜெனிஃபா சொந்தமாக—' என்று மூன்றாவதை ஆரம்பித்து விட்டுவிட்டேன். எல்லாமே நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியவை.

ஜெனிஃபா இன்னும் படியிலேயே நிற்கிறாள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அணைக்கட்டு பஸ்ஸில் மட்டும் அவளை ஏற்றிவிடாதீர்கள்.