எலிக்கு வற்றிய வீக்கம்

“பின்னால பிளேடு வச்சு ஒரு கீறல் போட்டா கால் உள்ள போயிடும். வெளியில தெரியவே தெரியாது,” என்றபடி சவப்பெட்டி கொண்டுவந்தவர் அப்பாவின் கறுப்பு ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

“கீறாதீங்க,” என்றாள் அம்மா. காலையில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். “அது ஏறாதுன்னு உனக்குத் தெரியாதா? நீயே சொல்லு.”

தெரியாமல் என்ன? அவள் முனைவர் பட்டம் வாங்கும் விழாவுக்கென்றே அப்பா ஆசை ஆசையாய் வாங்கிய ஷூ. அன்றைக்குப் பார்த்து மூட்டுவாதம் இரண்டு கணுக்காலையும் பூசணிக்காயாக்கிவிட்டது. ரப்பர் செருப்போடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முந்திக் கை தட்டினார் மனிதர். ஷூ அட்டைப்பெட்டியிலேயே தங்கிவிட்டது.

அவள் படித்ததோ வீக்கத்தைப் பற்றித்தான். கடலடிப் பாறையில் ஒட்டி வளரும் கடற்பஞ்சை அரைத்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, வீங்கிய எலிக்காலில் செலுத்திப் பார்ப்பது அவள் வேலை. மாலைக்குள் எலியின் கால் பழையபடி ஆகிவிடும். அப்பாவின் முடிவெட்டும் கடையில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது யார்தான் எழுந்து ஓடுவார்கள்?

கடை மூடி வந்ததும் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

“டாக்டரம்மா, எலிக்கு வத்திடுச்சா?”

“வத்திடுச்சுப்பா.”

“அப்ப எனக்கு?”

“ஒரு வாளிப் பஞ்சை அரைச்சா ஊசிமுனை அளவுதான் கிடைக்குது. மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்கவே இன்னும் பல வருஷம் ஆகும்பா.”

“எலியாப் பொறந்திருக்கலாம் போல,” என்று சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு.

“நான் போட்டுப் பார்க்கறேன்,” என்று சவப்பெட்டிக்காரரிடமிருந்து ஷூவை வாங்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போர்வையை விலக்கினாள். ஆய்வகத்துப் பழக்கம், கட்டைவிரல் தானாகக் கணுக்காலை அழுத்திப் பார்த்தது. எலும்பின் முனை தட்டுப்பட்டது. இத்தனை வருடத்தில் அது அவள் கைக்குப் பட்டதே இல்லை. வீக்கம் என்பது உடம்பு போடும் சண்டை என்றுதான் அவளும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். இந்த உடம்பு காலையிலேயே சண்டையை நிறுத்தியிருந்தது.

நாடாவை முழுக்கத் தளர்த்தி ஷூவை நுழைத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுக் குதிகால் உள்ளே இறங்கியது. அடுத்த காலும் ஏறியது. வந்தவர் பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏறிடுச்சா?” என்று வாசற்படியில் நின்றபடியே கேட்டாள் அம்மா.

“வத்திடுச்சும்மா.”

நாடாக்களை இழுத்து முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக இருக்குமோ என்று பட்டது. மறுபடி அவிழ்த்து, கொஞ்சம் தளர்வாகக் கட்டினாள்.