ஆறு புள்ளிக்குப் போன வலன்ரைன்

வலன்ரைன் ஆகிய என்னை ஒருவரும் மதிப்பதில்லை என்று சொன்னால், "சும்மா அலட்டாதேங்கோ" என்பாள் என் மனைவி றோஸ்மேரி. இந்த வருடம் அதை விலை போட்டே காட்டிவிட்டார்கள்.

நாங்கள் குடியேறிய லாசாலில் எங்கள் கோயில் திருநாளுக்குக் கரம் போர்டு இறுதிப்போட்டி. நானும் எமிலியானுஸ் அண்ணையும் மோதுகிறோம். கணினி படிக்கும் றொஷினி இதற்கென்றே ஒரு ஆப் செய்திருந்தாள். ஆளுக்கு நூறு புள்ளி தருவாள். யார் வெல்வார் என்று நினைக்கிறோமோ அவருடைய ஷெயரை வாங்க வேண்டும். வாங்க வாங்க அவர் விலை ஏறும், மற்றவர் விலை இறங்கும். வென்றவரின் ஒரு ஷெயருக்கு நூறு புள்ளி, தோற்றவரின் ஷெயர் குப்பை. அதிகம் சேர்த்தவருக்கு ஒரு மூட்டை பாஸ்மதி.

எமிலியானுஸ் அண்ணை கோயில் சபைத் தலைவர். இடது கண்ணில் புரை, வலது கண்ணிலும் புரை. ஆனால் பாதிச் சனத்துக்கு, துறைமுகத்தில் எனக்கும் சேர்த்து, வேலை எடுத்துக் கொடுத்தவர். அவரை வாங்காவிட்டால் மரியாதையில்லை என்று எல்லோரும் அவரையே வாங்கினார்கள். அவர் விலை தொண்ணூற்று நான்கு. என் விலை ஆறு. கழுதைகள்!

"நீர் ஆரை வாங்கினனீர்?" என்று றோஸ்மேரியைக் கேட்டேன்.

"அண்ணையைத்தான். முதல் ஆளா வாங்கினன், அப்ப மலிவு. நாளைக்கு அவற்ர முகத்தில முழிக்க வேண்டாமே?"

"என்ர முகத்தில?"

"அதிலதானே ஒவ்வொரு நாளும் முழிக்கிறன்."

இவள் ஒருத்தி என்னை வாங்கியிருந்தால் போதும். மற்றச் சனம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும்.

வென்று காட்டுகிறேன் பார் என்றுதான் போர்டுக்கு முன்னால் இருந்தேன். கடைசி ஆட்டத்தில் எனக்கு ஒரு காய், அவருக்கு ஒரு காய் மிச்சம். என் காய் பொக்கற்றின் வாயில் நின்றது. ஊதினாலே விழும். அப்போது அண்ணை குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, கவனமா அடியும். என்ர முழுப் புள்ளியையும் உம்மிலதான் போட்டிருக்கிறன்."

போட்டியாளர் தன் எதிராளியின் ஷெயரை வாங்கக்கூடாது என்று றொஷினி விதி எழுத மறந்திருக்கிறாள். அட கடவுளே, என்னை நம்பிய ஒரே மனுசன்! எனக்குக் கண் கலங்கி, காய் இரண்டாகத் தெரிந்தது. ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் தனியாகப் போய்ப் பொக்கற்றுக்குள் விழுந்தது.

அண்ணை தவறவிடத்தான் அடித்தார். நேர் முன்னால் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் புரைக் கண்ணால் தவறவிடவும் குறி பார்க்க முடியவில்லை. அவருடைய காய் நேரே போய் விழுந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மலிவில் வாங்கிய றோஸ்மேரிக்கே கிடைத்த பாஸ்மதி மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். நியூமன் வீதிச் சிக்னலில் றோஸ்மேரி என் கையைப் பிடித்தாள்.

"வேணுமெண்டுதானே விட்டனீங்கள்? எனக்காகத்தானே?"

நான் சிவப்பு விளக்கையே பார்த்தேன்.

"நீங்கள் நினைச்சிருந்தா வெண்டிருப்பியள். எனக்குத் தெரியாதே, உங்களை?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.