சொன்ன பெயரும் மெய்ப்பித்த பெயரும்

முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். கதை எழுதும் துணிவு உனக்கெங்கிருந்து வந்தது என்று வாசகப் பெருமக்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, நாத்தனார்தான் இருக்கிறார். அவர் செய்ததை யாரேனும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அகப்பட்டவள் நான்.

1

குடும்பங்களின் குரல்பதிவுகளைக் காத்துத்தரும் நிறுவனமொன்றில் அண்ணி (நாத்தனாரை அப்படித்தான் அழைப்பேன்) சர்வருக்கு நிரல் எழுதுகிறார். ஒரு நாள் காலை அவருடைய விரல்கள்...

(இத்தொடக்கம் அவசரப்படுகிறது. பொறுத்தருள்க.)

2

லாரி ஓட்டிய அவருடைய தம்பி, அதாவது என் கணவர், இறந்ததும் அந்நிறுவனத்தில் அவரது குரல்பதிவுகள் இருந்த பெட்டகம் மூடப்பட்டது. கணக்குத் தொடங்கியபோது 'உங்களுக்குப் பின் யார்?' என்ற கேள்விக்கு அவர் 'பின்னால் வரும் லாரி' என்று எழுதியிருந்தார். ஆகவே வாரிசு இல்லை. கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று.

அன்று காலை, சோதனைக்காக அண்ணி தம் கடவுச்சொல்லைக் கொடுத்து, பெயருக்கான இடத்தில் கைப்பழக்கமாகத் தம்பியின் பெயரைத் தட்டிவிட்டார். பெட்டகம் திறந்துகொண்டது. சர்வர் கடவுச்சொல்லை ஒழுங்காகத்தான் சரிபார்த்தது; ஆனால் யாருடைய பெட்டகத்தைத் திறப்பது என்பதை மட்டும், வந்தவர் சொன்ன பெயரை நம்பி முடிவு செய்தது. யார் வேண்டுமானாலும் யாராகவும் நுழையலாம்.

திரையில் கடைசிப் பதிவின் தலைப்பு: 'வீட்டுக்காரிக்கு மட்டும்'.

3

(அண்ணி அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை.)

பின்னால் நின்ற மேலாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தணிந்த குரலில் சொன்னாராம்:

"கேட்டுட்டு அப்புறமா மூடுங்கம்மா. நான் டீ குடிக்கப் போறேன்."

"நான் நுழைஞ்சா அது ஓட்டை இல்ல சார், வழி. வழின்னு ஆயிட்டா மூட மனசு வராது."

அண்ணி நிரலில் சொன்ன பெயரை எடுத்துவிட்டு, கடவுச்சொல் மெய்ப்பித்த பெயரை அவ்விடத்தில் வைத்தார். ஒரே வரி. மீண்டும் தம்பியின் பெயரைத் தட்டினார். அண்ணியின் சொந்தப் பெட்டகமே திறந்தது. முன்பு வேறெவரும் அவ்வழியே நுழையவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். என் கணவர் அவரைப் 'பூட்டக்கா' என்று கேலி செய்தது சும்மா இல்லை.

4

மாலையில் என் அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"உன்னைக் கேக்காம மூடிட்டேன். கேட்டிருந்தா திறக்கச் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன் அண்ணி."

"அதான் கேக்கல."

5

வேறு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் அப்பதிவைக் கேட்கிறேன். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'ஏய், இங்க பாரு...'

(மேலே ஓடவில்லை. அவர் பெயரில் நான் பேசினால் அதுவும் வெறுமனே சொன்ன பெயர்தானே? வேண்டுவோர் தத்தம் பெயரில் முடித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.)

இழந்தவை: என் கணவரின் குரல். அதில் எனக்கென்று பேசிய பதிவு ஒன்று. மேலாளரின் டீ, ஆறிப்போனது. பிறர் பெட்டகங்களிலிருந்து எதுவும் போகவில்லை.