நெற்றியில் வைத்த காசு

தகர டப்பாவில் பளபளவென்று இருந்த வெள்ளி ரூபாய்களைப் பங்காரம்மா தொடவில்லை. வண்ணக் காகிதத்தில் பொதிந்து வைத்திருக்கிறாரே, எடுத்தால் புருஷன் மனசு நோகும் என்று நினைத்தாள். அடியில் பழந்துணிக்குள் கறுத்துப்போய் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுபோய், விடியக் காலையில் கண்ணை மூடிவிட்ட நாத்தனாரின் நெற்றியில் சந்தனம் அப்பி ஒட்டிவைத்தாள்.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள்தான் சொன்னது. "வெள்ளிக்காசா வைங்க அம்மணி. வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்ட மனுசிக்கு நயாபைசாவையா வைக்கறது?"

வெங்கடபதி நீர்க்குடத்தோடு, ஈரவேட்டி சொட்டச் சொட்ட வந்தார். அக்காளின் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பங்காரு, இதை எங்கிருந்து எடுத்தே?"

"டப்பாவுக்கு அடியில கெடந்ததுங்க. கறுத்துக் கெடக்குதே, ஆகாத காசுன்னு எடுத்துப்போட்டேன்."

அவர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். ஊரே சிரித்த காசு இதுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான், கண்ணுகளா. வெங்கடபதி மில்லில் ஸ்டோர் பார்ப்பவர். பழங்காசு சேர்ப்பது அவருக்குப் பித்து. காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடைத்த, நவாபு காலத்து ஆற்காட்டு ரூபாய் ஒன்றை, தாமரைப் பூ முத்திரை போட்டதை, ஊர்க் காசுக்காரர்கள் கூட்டத்தில் ஆசையாகக் காட்டினார். பஞ்சு வியாபாரி பாலகோபால் கையில்கூட வாங்கவில்லை. எட்ட இருந்து பார்த்தே, "இது அச்சுல அடிச்சதில்லீங்க, வார்த்தது. உங்க ஊட்டு அடுப்புலயே வார்த்ததோ என்னமோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மில் வாசலில்கூட 'கள்ளக்காசு வெங்கடபதி' என்றுதான் பேர். காசைத் துணியில் சுற்றி மறைத்தவர், பெண்டாட்டிக்குக்கூடக் காட்டவில்லை. அக்காள் மட்டும், "என்ற தம்பி காசு நல்ல காசு" என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு மெட்ராஸிலிருந்து காசு தெரிந்தவர் வருகிறார். நிறுத்துப் பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, அதே கூட்டத்தின் நடுவில் நல்லதா கள்ளமா என்று சொல்லப்போகிறார். காசு எங்கே என்று அவர் கேட்கும்போது பிணத்தோடு எரிந்துபோயிற்று என்றால் யார் நம்புவார்கள்? அந்தக் குடும்பத்தில் நெற்றிக்காசைத் திரும்ப எடுப்பதில்லை. உடம்போடு நெருப்புக்குப் போய்விடும்.

பங்காரம்மா உள்ளே ஓடிப் பளபள ரூபாய் ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். மாற்றி வைக்கக் குனிந்தவளை லட்சுமியம்மாள் பிடித்துக்கொண்டாள். "வெச்சதை எடுக்கலாமுங்களா? சித்தங்கித்தம் கலங்கிப்போச்சா?"

அப்போதுதான் மாலையோடு பாலகோபால் வந்தார். மாலையைப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. காலை வெயில் சாய்ந்து நெற்றியில் விழுந்திருந்தது. கறுப்புக்குள்ளேயும் எழுத்துகள் ஒவ்வொன்றும் வெட்டினாற்போல நின்றன. வார்த்த காசில் இருக்கும் பொடிக்குழி ஒன்றுகூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, மாட்டி, மறுபடியும் பார்த்தார். செத்தவள் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை.

பங்காரம்மா வாசலில் அவரை மறித்தாள்.

"ஏனுங்கண்ணா, பாத்தீங்கல்ல?"

"என்னத்தைங்க?"

"காசைத்தானுங்க. நல்ல காசுன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்க காலுல வேணா உழறேன்."

பாலகோபால் செருப்பைத் தேடினார். "எழவு ஊட்டுல நான் காசா பாப்பேன்? மாலை போட வந்தேன் அம்மணி, போட்டேன்."

பாடையில் கிடத்தி மூங்கிலைத் தோளுக்குத் தூக்கப் போனார்கள். பங்காரம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். ஊர் என்ன சொன்னாலும் தன் தலையில் விழட்டும். விரல் சந்தனத்தில் பட்டது. வெங்கடபதி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு பங்காரு."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"நல்ல காசுன்னு சொன்னது அவ ஒருத்திதான். அவளே கொண்டுபோவட்டும்."

சங்கு ஊதினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பங்காரம்மாவும் நின்றாள். கூட்டத்தில் பாலகோபாலின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். சேகண்டிச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. விரலில் ஒட்டிய சந்தனத்தோடு மறுபடியும் கூப்பிட்டாள்.