விளாஸ்தாவின் சிவப்பு ஜாடி

விளாஸ்தா எங்கள் கண்ணாடித் தீவான முரானோவில் வந்து இறங்கிய அன்றே அவள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படகிலிருந்து அதைத் தூக்கிக் கொடுத்தவளே நான்தான். ஐம்பது வயதுக்காரியின் பெட்டி அவ்வளவு கனக்கலாமா?

"என்னம்மா, புருஷனை வெட்டி உள்ளே வெச்சிருக்கியா?" என்றேன்.

"அவர் வேறு ஒரு பெண்மணியுடன் சென்றுவிட்டார், சியோரா," என்றாள். 'அம்மா' என்பதற்கு எங்கள் சொல் சியோரா; அதையும் எங்கள் பேச்சையும் ஏதோ பழைய புத்தகத்தில் படித்து வந்திருந்தாள். மீன் வாங்கப் போனாலும் மேயரிடம் மனுக் கொடுப்பதுபோலத்தான் பேசுவாள்.

பெட்டிக்குள் கம்பளிக் காலுறைகளில் சுற்றிய சிவப்புக் கண்ணாடிக் கோல்கள். செக் நாட்டில் அவள் ஊரில் செய்த சிவப்பு. அங்கே அவளுக்கு இருந்த வீடும் உலையும் விவாகரத்தோடு போய்விட்டன. எதிர்க்கரை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு சன்னல்களுக்கும் நடுவே கால்வாய்தான், அதுவும் குறுகல். நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

எங்கள் ஊர்க் கண்ணாடி உலைக்காரர் காஸ்தோனே தன் உலையில் வியாழக்கிழமை மட்டும் அவளுக்கு இடம் கொடுத்தார். பெண்பிள்ளை கண்ணாடி ஊதும் குழலைப் பிடிப்பதைப் பார்க்க ஆண்கள் சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்தார்கள். காஸ்தோனேயின் வெள்ளைக் கண்ணாடிமேல் தன் சிவப்பைச் சுற்றிச் சின்னக் கிண்ணங்கள் செய்தாள். கோடை முழுக்க ஒன்றுகூட விரிசல் விடவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"டிசம்பர் ஆறு, புனித நிக்கோலாஸ் விருந்து. பெரிசா ஒண்ணு பண்ணி மேஜைல வை," என்றார் காஸ்தோனே. "தொழில்ல பெரியவங்க தலையாட்டினா என் உலைல ஓரத்து மேடை உனக்குத்தான், வாரம் முழுக்க. இல்லேன்னா வருத்தப்படக் கூடாது. என் மருமகன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான்."

அந்த மருமகனுக்குக் கிளாஸைக் காலி செய்ய மட்டும்தான் தெரியும். அது வேறு கதை.

ஆகஸ்டில் எங்கள் உலைகள் எல்லாம் அணையும். செப்டம்பரில் காஸ்தோனே மறுபடி மூட்டியபோது கலவையை மாற்றிவிட்டார். மணல் வேறு, சோடாவின் அளவு வேறு. என் சித்தி மகன் இவோனேதான் அங்கே மணல் அள்ளிப் போடுகிறவன். என் சமையலறையில் மத்தி மீனைத் தின்றுகொண்டே சொன்னான்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாத. வெளியே தெரிஞ்சா எனக்கு வேலை போச்சு."

எங்கள் தீவில் யார் வீட்டுக்கு யார் பின்வாசல் வழியாகப் போகிறார்கள் என்று தேவாலய வாசலிலேயே பேசலாம். யார் உலையில் என்ன வேகிறது என்பதை மட்டும் பேசக் கூடாது. பக்கத்தில் நின்று ஊதுகிறவனுக்கும் சொல்ல மாட்டார்கள். ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடியை ஒட்டினால், ஆறியபின் ஒன்றையொன்று இழுத்து விரிசல் விடும்; அதனால் காஸ்தோனே தன் நிறங்களைப் புதுக் கலவைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார். விளாஸ்தாவின் காலுறைக்குள் இருந்த சிவப்பு அவர் ஞாபகத்தில் இல்லை. அவளிடம் அவர் சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன்.

சிவப்பை மிச்சம் பிடித்து அதுவரை வெறும் வெள்ளையிலேயே பெரிய உருவங்கள் பழகியவள், நவம்பர் கடைசி வியாழன் ஜாடியைச் செய்தாள். ஆறவைக்கும் அடுப்பில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தது. முழங்கை உயரம், கழுத்தில் சிவப்புச் சுற்று. அவளுடைய சன்னலில் வெயில் பட்டபோது என் சுவரும் சிவந்தது. இந்தத் தெருவில் யாரையும் நான் சுலபத்தில் மெச்சுவதில்லை. அதை மெச்சினேன்.

திங்கட்கிழமை மதியம் சன்னலைத் திறந்து கூப்பிட்டாள். போனேன். சிவப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில், ஜாடியின் கழுத்தில், ஒரு முடி ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். முடி இல்லை.

"நான் அவசரமாக ஆறவைத்தேனா, சியோரா?"

"இல்லையே."

"என் சிவப்பு பழையதாகிவிட்டதா?"

"அது எப்படிம்மா பழசாகும்?"

"அப்படியானால் என் கையில்தான் பிழை. இதே உலை, இதே சிவப்பு. கோடையில் நின்றதே!"

வாயைத் திறந்தேன். இவோனேயின் மூன்று பிள்ளைகளும் கண்முன்னே வரிசையாக நின்றார்கள். "குளிராலதான் இருக்கும்," என்றேன்.

ஜாடியைக் கம்பளியில் சுற்றிவைத்தாள். செவ்வாய்க்கிழமை விரிசல் விரல் நீளம். புதன்கிழமை தோள்வரை இறங்கிவிட்டது. வியாழன் இன்னொன்று செய்தாலும் ஆறவே இரண்டு நாள், விருந்தோ வெள்ளிக்கிழமை. நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் சூப் கொண்டுபோய் வைத்தேன். வேறென்ன செய்ய?

விருந்தில் ஜாடியை மேஜையில் வைத்தாள். பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். காஸ்தோனே ஜாடியின் கழுத்தை விரலால் தடவினார். அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது, காது சிவந்துபோயிற்று. ஆனால் எதிரே மற்ற உலைக்காரர்கள் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கை நல்ல கை," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "கண்ணாடி நிக்கலையே, என்ன பண்றது."

மருமகன் தனக்குத்தானே இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான்.

மற்ற உலைகளிலும் கேட்டுப் பார்த்தாள். அவள் போவதற்கு முன்பே, அவள் கண்ணாடி நிற்காது என்ற பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. அதை நான் பரப்பவில்லை. என்னிடம் கேட்டவர்களிடம் மறுக்கவுமில்லை.

இப்போது படகுத்துறைக் கடையில், எங்கெங்கோ செய்து வந்த கண்ணாடி மீன்களையும் கோமாளிகளையும் பயணிகளுக்குக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறாள். நன்றாகச் சுற்றுகிறாள், எதுவும் உடைவதில்லை என்று முதலாளிக்குப் பெருமை. எங்களைப்போலவே பேசவும் கற்றுக்கொண்டாள். "வாங்க சியோரா, இன்னைக்கு யாரு தலை உருளுது?" என்கிறாள். இவோனேகூடப் பக்கத்துத் தீவில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவள் கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் போகிறேன். அவள் கேட்பதில்லை.