ஜெயபாய் வைத்த கை

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பிய காசிராஜனுக்கு, மனைவி ஜெயபாய் மதுரைக்குப் போய் ரெய்கி என்ற ஜப்பானியத் தொடு சிகிச்சையைக் கற்றுக்கொண்டு வந்தது பிடிக்கவேயில்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்புப் பிரிவை மேய்க்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் அடுத்தவர் தலையிலும் தோளிலும் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? தொண்ணூற்றேழில் அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்களே அங்கே குறைவு.

“ஊர்ல அவனவன் என்னைய மந்திரக்காரி புருசன்னு சொல்லுதான்.”

“சொல்லட்டும். கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கேன். அவியளுக்கு மனசு அடங்குது. அம்புட்டுத்தான்.”

அந்த ஐப்பசியில் கம்பெனியில் துணி வெளுக்கும் கொதிநீர்க் கொப்பரை சரிந்து, தொழிலாளி மலைச்சாமியின் இடது கையும் விலாவும் வெந்துபோயின. ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். கட்டுப் பிரிக்கும்போது அவன் போடும் கூச்சல் வாசல்வரை கேட்டது. இரண்டு பேர் பிடித்தாலும் கையை உதறினான். அவன் மனைவி வெள்ளத்தாய் ஜெயபாயிடம் வேலை பார்ப்பவள். “அக்கா, கட்டுப் பிரிக்கிற நேரம் மட்டும் வந்து நில்லுங்க” என்று கேட்டாள்.

காசிராஜன் வேண்டாவெறுப்பாகத்தான் ஸ்கூட்டரை எடுத்தார்.

டாக்டர் சேதுபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஜெயபாயைப் பார்த்தார். “இதனால புண்ணு ஆறும்னு நினைக்கிறீங்களா?”

“இல்லங்க டாக்டர். புண்ணு உங்க மருந்துலதான் ஆறணும். இவரு பயம் கொஞ்சம் அடங்குனா உங்களுக்குக் கட்ட லேசா இருக்கும்.”

டாக்டர் சம்மதமாகத் தலையசைத்தார். “புண்ணுப் பக்கம் போகக்கூடாது.”

அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு கையை மலைச்சாமியின் நெற்றியிலும் மறு கையை வலது தோளிலும் வைத்தாள். முதல் துணியை உரித்தபோது அவன் அலறினான். அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் மூச்சு நிதானத்துக்கு வந்தது. முனகினான், கண்ணீர் விட்டான். ஆனால் கையை உதறவில்லை. ஒரு மணி நேரம் இழுக்கும் வேலை அன்று அரை மணியில் முடிந்தது.

தினமும் போனார்கள். ஒன்பதாம் நாள் வெள்ளத்தாய் சொந்தக்காரர்களோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். “ஊசி போட்டுப் போட்டு மனுசன் உருகிட்டாரு அக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். உங்க கை ஒண்ணே போதும்.”

வார்டே ஜெயபாயைப் பார்த்தது. இதைவிடச் சின்னப் புகழ்ச்சிக்குத் தலைகால் தெரியாமல் ஆடிய ஆபீசர்களைக் காசிராஜன் பார்த்திருக்கிறார். இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நின்றார்.

ஜெயபாய் மலைச்சாமியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“ஊசிய நிறுத்துனா நான் வர மாட்டேன், வெள்ளத்தாயி. புண்ணு சீழ் பிடிச்சா என் கை என்ன செய்யும்? டாக்டர் மருந்து பாக்கட்டும். நான் கூட இருக்கேன். ரெண்டும் சேந்தாத்தான்.”

குரலை உயர்த்தவேயில்லை. காசிராஜனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெள்ளத்தாய் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மேலும் மூன்று வாரம் கழித்து மலைச்சாமி நடந்தே வெளியே வந்தான். சுண்டுவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. டாக்டர் ஜெயபாயை அழைத்தார்.

“வாரத்துல ஒரு நாள் வர முடியுமாம்மா? கட்டுப் பிரிக்கப் பயப்படுற ஆளுக நெறைய வர்றாங்க.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே பதில் சொன்னார். “புதன்கிழம அவளுக்கு லீவு, டாக்டர். நான் கூட்டிட்டு வாரேன்.”

முதல் புதனன்று வராந்தா பெஞ்சில் காசிராஜனுக்குப் பக்கத்திலிருந்த மம்சாபுரத்துப் பெரியவர் கேட்டார்: “உள்ள போன அந்தம்மா நர்ஸா?”

“இல்லய்யா. பேண்டேஜ் கம்பெனில வேல. ரெய்கி படிச்சிருக்கா. டாக்டரே கூப்பிட்டு வரச் சொன்னாரு.” பெரியவர் கேட்காமலேயே காசிராஜன் சேர்த்துக்கொண்டார்: “என் வீட்டுக்காரி.”

பெரியவர் ரெய்கி என்றால் என்னவென்று கேட்டார். காசிராஜன் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.