கல்யாணராமனைப் பிடித்த பை

1998 ஓணத்துக்கு மூன்றாம் நாள், காலை பதினொன்றே காலுக்கு, புத்தரிக்கண்டம் மைதானத்துக் கைவினைக் கண்காட்சியில் ஒரு துணிப்பை கல்யாணராமனின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒன்பது மாதம் விடவில்லை. அன்று வெயில் சுமார். நேந்திரம்பழம் வழக்கம்போல விலை ஏறியிருந்தது.

வலியசாலைக்காரரான கல்யாணராமன் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. கண்காட்சியைச் சுற்றிப் பார்க்க வேண்டிய மேலதிகாரிக்குக் காய்ச்சல் என்பதால் இவரை அனுப்பியிருந்தார்கள். நாற்பத்திரண்டு கடைகளையும் இவர் பதினெட்டு நிமிடத்தில் பாராட்டி முடித்தார். ஒவ்வொரு கடையிலும் எதையாவது எடுத்து, அடுத்த கடையைப் பார்த்தபடியே "நன்னாருக்கு" என்று சொல்லிக் கீழே வைப்பது அவர் முறை. மர யானைக்கும் சிரட்டைக் கரண்டிக்கும் ஒரே "நன்னாருக்கு"தான். அவருடைய குமாஸ்தாவாகக் கூடப் போயிருந்த, இதை எழுதுகிறவனும் அவருக்குப் பின்னால் நின்று அதையே மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். என்னை எதுவும் பிடிக்கவில்லை. காரணம், நான் எதையும் தொடவில்லை. கடைசிக் கடை பாலராமபுரத்தில் தறி போட்டிருக்கும் எலிசாளுடையது. அங்கே எடுத்த பையை அவர் கீழே வைத்தார். கை மட்டும் திரும்பி வரவில்லை.

பிடியை வெட்டப் போன மூன்று கத்தரிகள் மழுங்கின. மருத்துவர் ஒருவர் எலும்பில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தப் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். கல்யாணராமன் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். கோப்புகள் முன்பைவிட மெதுவாக நகர்ந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை. மனைவி சரஸ்வதி, எப்படியும் பையோடுதானே போகிறீர்கள் என்று தினமும் காய்கறி வாங்கிவரச் சொன்னாள். மாசியில் மகள் திவ்யலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்த அன்றுதான் சரஸ்வதி கேட்டாள்:

"கொழந்தையை எந்தக் கையால வாங்கிக்கறதா உத்தேசமாக்கும்?"

அவருக்குப் பை அன்றுதான் முதன்முதலாகக் கனத்தது. அடுத்த ஞாயிறே பாலராமபுரத்துக்குப் பஸ் ஏறினார். எலிசாள் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பு எதுக்கு சாரே? நல்லாயிருக்குன்னுதான சொன்னிய. எது நல்லாயிருக்குன்னு அதுகிட்டச் சொல்லுங்க, விட்டுரும்."

நிறம் என்றார். பிடி இறுகியது. பாரம்பரியம் என்றார். விரல்கள் நீலமாயின. அந்தச் சொல் அதற்கு ஆகாது என்றாள் எலிசாள்.

சொல்லிக் கொடுக்க அவளுக்கு நேரமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலையைக் கொடுத்தாள். இடது கையால் ராட்டையைச் சுற்றி, அறுந்த இழை ஒவ்வொன்றுக்கும் அவர் திட்டு வாங்கினார். ஏழாவது ஞாயிறு, ஊடையை இழுத்து ஓடும் நாடா மேல்துணிக்கும் அடித்துணிக்குமாகச் சுற்றிச்சுற்றிப் போவதையும், அதனால் பை தையலே இல்லாமல் தறியிலேயே பையாகிவிடுவதையும் கண்டு, வாய்விட்டுச் சொன்னார். சுண்டுவிரல் விடுபட்டது. பிடி தனியாகத் தைத்த பட்டை அல்ல, நீளவாக்கில் மிஞ்சிய பாவு நூலையே முறுக்கியது என்று கண்டபோது இன்னும் இரண்டு விரல்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைகாசி வரை அசையவில்லை.

வைகாசியின் கடைசி ஞாயிறு, திவ்யலட்சுமிக்கு வலி கண்டுவிட்டது என்று தறிக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குச் செய்தி வந்தது. கல்யாணராமன் ஓடவில்லை. பையை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த மூலையில ஒரு ஊடை மூணு இழையைத் தாண்டிப் போயிருக்கு. ஊசியால சரி பண்ணிருக்கேள்."

தறி நின்றது.

"அத எம் மாமியாருகூடக் கண்டுபிடிக்கல்ல சாரே," என்றாள் எலிசாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் பை அவர் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவளே அதை மடித்து அவர் கக்கத்தில் செருகி, போங்க என்றாள்.

பேத்தியை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் "நன்னாருக்கு" சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, இடது காது நுனியில் ஒரு மடிப்பு இருக்கிறது என்றார். சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கியது. குழந்தை அவருடைய வலது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளும் விடவில்லை. ஆவணி பிறந்தும் விடவில்லை. இந்த முறை யாரும் கத்தரி தேடவில்லை. இடது கைக் கையெழுத்து ஏற்கெனவே பழகியிருந்தது. பேத்தியோடு அலுவலகம் போனார், பால் குடிக்கும் வேளைகளில் வீட்டுக்கு வந்துபோனார். பையில் மாற்றுத்துணி இருந்தது. கோப்புகள் வழக்கம்போல நகர்ந்தன. ஒருநாள் கிள்ளிப்பாலத்தில் எதிரே வந்த தாத்தாவையும் பேத்தியையும் பார்த்து, குழந்தை நன்றாயிருக்கிறது என்று நானும் சொன்னேன். எதற்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொன்னேன்.